ஒரே பெயரில் இரண்டு பல்கலைக்கழகங்கள்: ஸ்ட்ராஸ்பூர்க் பற்றிய வரலாற்று நூல்கள் ஏன் முரண்படுகின்றன?

2022 மே மாதம், பிரான்சின் கிழக்கெல்லையில் உள்ள ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகம், தான் அமைத்த வரலாற்று ஆணையத்தின் அறிக்கையை வெளியிட்டது. நாஜி ஆட்சிக் காலத்தில் அந்நகரின் மருத்துவப் பீடத்தில் நடந்த குற்றங்களை அந்த அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்களில் பதிவு செய்திருந்தது. 2024 நவம்பர் 23 அன்று அதே நகரில் பேசிய பிரெஞ்சு அதிபர் இம்மானுவேல் மக்ரோன், வரலாற்றாசிரியர் மார்க் பிளோக்கிற்கு நாட்டின் மாமனிதர்கள் நினைவுகூரப்படும் பாந்தியோன் மண்டபத்தில் இடமளிக்கப்படும் என்று அறிவித்தார். பிளோக் 1919 முதல் 1936 வரை அந்தப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து இயங்கி, 1944 ஜூன் 16 அன்று ஜெர்மானியரால் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

இந்த இரு செய்திகளையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குக் குழப்பம் எழுவது இயல்பு. அந்தப் பல்கலைக்கழகம் நாஜிகளை எதிர்த்ததா, நாஜிகளுக்குத் துணை நின்றதா? நூல்களைப் புரட்டினாலும் குழப்பம் தீராது. ஒரு நூல் தியாக வரலாறாக இருக்கும். இன்னொன்று குற்றப் பதிவாக இருக்கும். மூன்றாவது நூல் 1939ஆம் ஆண்டோடு முடிந்துவிடும். இவை ஒவ்வொன்றும் 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லால் எதைக் குறிக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால், முரண்பாட்டின் பெரும்பகுதி விளங்கிவிடும். எஞ்சும் சிறுபகுதிதான் உண்மையில் கடினமானது.

முதலில் சில சொற்கள்

1. அல்சாஸ்: ரைன் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள நிலப்பகுதி. ஸ்ட்ராஸ்பூர்க் அதன் தலைநகர். மக்களின் பேச்சுமொழி ஜெர்மன் மொழியின் ஒரு கிளைவழக்கு. 1681இல் பதினான்காம் லூயி மன்னர் நகரைக் கைப்பற்றியபின் அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1871இல் ஜெர்மனிக்கும், 1918இல் பிரான்சுக்கும், 1940இல் மீண்டும் ஜெர்மனிக்கும், 1944-45இல் மீண்டும் பிரான்சுக்கும் கைமாறியது. பிறந்த வீட்டைவிட்டு நகராத ஒரு முதியவர் தம் வாழ்நாளில் நான்கு முறை நாடு மாறியிருக்கக்கூடும்.

2. சட்டப்படியான இணைப்பும் நடைமுறை இணைப்பும்: 1871 மே 10 அன்று கையெழுத்தான பிராங்க்ஃபர்ட் உடன்படிக்கையின்படி பிரான்சே அல்சாஸை ஜெர்மனிக்கு விட்டுக்கொடுத்தது. 1940இல் அப்படி எந்த உடன்படிக்கையும் இல்லை. ஜூன் 22இன் போர்நிறுத்த ஒப்பந்தம் அல்சாஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; ஜெர்மனி அதைத் தன் நிலமாகவே நடத்தியது. இந்த வேறுபாடு பின்னால் மிகவும் முக்கியமாகிறது.

3. ரைக் பல்கலைக்கழகம்: கைப்பற்றிய எல்லைப்பகுதிகளில் நாஜி அரசு நிறுவிய பல்கலைக்கழகங்களுக்கு இட்ட பெயர். கிழக்கில் போஸ்னான் நகரிலும் மேற்கில் ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் 1941இல் இவை திறக்கப்பட்டன.

4. மால்க்ரே-நூ: 'எங்கள் விருப்பத்துக்கு மாறாக' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர். ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட அல்சாஸ் ஆண்களையும், அதை ஒட்டிய லொரேனின் மோசெல் பகுதி ஆண்களையும் குறிக்கும்.

எரிந்த நூலகமும் நிரம்பிய நூலகமும்

இந்தப் பல்கலைக்கழகத்தின் வேர் 1538இல் யோகான்னஸ் ஸ்டூர்ம் தொடங்கிய புராட்டஸ்டண்ட் பள்ளியில் இருக்கிறது. 1621இல் அது பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. பிரெஞ்சு மன்னரின் ஆட்சிக்குள் வந்த பிறகும் லூத்தரன் சமயத்தையும் ஜெர்மன் மொழியையும் அது கைவிடவில்லை. 1770இல் ஜெர்மன் கவிஞர் கதே சட்டம் படிக்க வந்ததும் இங்கேதான். ஆட்சி ஒரு பக்கம், மொழி ஒரு பக்கம் என்ற நிலை அக்காலத்தில் யாருக்கும் இடறவில்லை. மன்னருக்கு வரி செலுத்தினால் போதும். மனத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்று மன்னர்கள் கேட்கவில்லை. அந்தக் கோரிக்கை தேசிய அரசுகளோடு வந்தது.

அது வந்த விதம் கொடுமையானது. 1870 ஆகஸ்ட் 24 இரவு, நகரை முற்றுகையிட்டிருந்த ஜெர்மன் படையின் பீரங்கிக் குண்டுகளால், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் இருந்த நூலகம் முற்றாக எரிந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹெர்ராட் என்ற மடத்தலைவியின் மேற்பார்வையில் உருவான 'ஹோர்டுஸ் டெலிசியாரும்' என்ற ஓவியச் சுவடி அதில் அழிந்தது. முன்னரே சிலர் எடுத்துவைத்திருந்த படிகளின் வழியாகத்தான் இன்று அதை அறிகிறோம். அதே ஆண்டு அக்டோபரில் கார்ல் ஆகஸ்ட் பராக் என்ற ஜெர்மன் நூலகர், ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு நூல்களை நன்கொடையாகத் தாருங்கள் என்று பொது வேண்டுகோள் விடுத்தார். நூல்கள் குவிந்தன. சில ஆண்டுகளில் அது ஜெர்மனியின் பெரிய நூலகங்களுள் ஒன்றாயிற்று. அலமாரியை எரித்த நாடே அதை நிரப்பியது. எல்லைப்பகுதியில் விசுவாசம் ஏன் ஒற்றை நேர்க்கோடாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1872இல் புதிய ஜெர்மன் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டு, 1877இல் பேரரசர் வில்ஹெல்மின் பெயரைப் பெற்றது. பொருளியலாளர் குஸ்தாவ் ஷ்மொல்லர், கதோடுக் கதிர்க்குழாயை உருவாக்கி 1909இல் நோபல் பரிசு பெற்ற ஃபெர்டினாண்ட் பிரவுன் ஆகியோர் இங்கே பணியாற்றினர். 1884இல் எழுந்த தலைமைக் கட்டடத்தின் முகப்பில் 'கல்விக்கும் தாய்நாட்டுக்கும்' என்ற இலத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டது. எந்தத் தாய்நாடு என்று அதில் எழுதவில்லை. அதனாலோ என்னவோ, பின்னால் வந்த ஆட்சிகளிலும் அது நிலைத்துவிட்டது.

இதே காலத்தில்தான் இரு வரலாற்றாசிரியர்களுக்கிடையே நடந்த புகழ்பெற்ற விவாதமும் வருகிறது. அல்சாஸ் ஜெர்மனிக்கு உரியது என்று பெர்லினைச் சேர்ந்த தியோடோர் மாம்சன் வாதிட்டார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் பத்தாண்டுகள் கற்பித்திருந்த ஃபுஸ்தெல் தெ கூலாஞ்ச், 1870 அக்டோபரில் அவருக்கு எழுதிய பகிரங்க மடலில், இனமோ மொழியோ தேசத்தைத் தீர்மானிப்பதில்லை, மக்களின் விருப்பமே தீர்மானிக்கிறது என்று மறுத்தார். கொள்கையளவில் ஃபுஸ்தெலின் வாதம் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 1871இல் ஜெர்மனி அல்சாஸ் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை; 1918இல் பிரான்சும் நடத்தவில்லை. விருப்பத்தைப் பற்றி நிறைய எழுதினார்கள். விருப்பத்தைக் கேட்கத்தான் ஆளில்லை.

1918: அடையாள அட்டையில் அளந்த விசுவாசம்

1918 நவம்பர் 22 அன்று பிரெஞ்சுப் படை ஸ்ட்ராஸ்பூர்க்கில் நுழைந்தது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 3,80,000 அல்சாஸ்-லொரேன் ஆண்கள் ஜெர்மன் படையில் பணியாற்றியிருந்தார்கள். அவர்கள் ஜெர்மன் குடிமக்கள், ஆகவே சட்டப்படி வேறு வழி கிடையாது. புதிய ஆட்சி மக்களை அ, ஆ, இ, ஈ என்பதுபோல் நான்கு வகை அடையாள அட்டைகளில் பிரித்தது. 1870க்கு முன் பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு முதல்வகை. பெற்றோரில் ஒருவர் வெளியிலிருந்து வந்தவர் என்றால் இரண்டாம் வகை. நேச நாடுகள் அல்லது நடுநிலை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மூன்றாம் வகை. ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களுக்கு நான்காம் வகை. அதாவது ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதை அறிய வழியில்லாததால், அவருடைய தாத்தா எங்கே பிறந்தார் என்று பார்த்தார்கள். ஃபுஸ்தெல் மறுத்த அளவுகோலை அவருடைய நாடே கையிலெடுத்தது.

ஜெர்மன் பேராசிரியர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரைன் பாலத்தைக் கடந்து வெளியேற்றப்பட்டனர். 1919 நவம்பர் 22 அன்று, படை நுழைந்த அதே நாளில், குடியரசுத் தலைவர் புவான்காரே முன்னிலையில் பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. ஜெர்மனியை அறிவுத்துறையில் விஞ்ச வேண்டும் என்ற நோக்கத்தோடு, திறமைமிக்க இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். மார்க் பிளோக், லூசியன் ஃபெவ்ர், சமூகவியலாளர் மொரீஸ் ஆல்ப்வாக்ஸ் ஆகியோர் அவ்வாறு வந்தவர்கள். 1929இல் பிளோக்கும் ஃபெவ்ரும் தொடங்கிய 'அனால்' இதழ், மன்னர்களையும் போர்களையும் விட்டு மக்களின் வாழ்முறையையும் மனப்பாங்கையும் ஆராயும் வரலாற்றெழுத்துக்கு வழி திறந்தது.

எல்லைப் பல்கலைக்கழகங்களுக்கு இரு அரசுகளும் கொடுத்த வேலையை ஒப்பிட்டு ஆராயும் நூல்களில் முக்கியமானது, அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜான் கிரேக் 1984இல் வெளியிட்ட ஆய்வு. 1870 முதல் 1939 வரை ஸ்ட்ராஸ்பூர்க்கில் இயங்கிய ஜெர்மன், பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களை ஒரே சட்டகத்தில் வைத்து, அல்சாஸ் சமூகத்தைத் தம் தேசத்தோடு இணைக்க அவை எந்த அளவு உதவின என்று அது கேட்கிறது. ஒரே தராசில் இரு நாடுகளையும் நிறுத்தியதே அதன் பெரிய பலம். பெர்லின் காலப் பல்கலைக்கழகமும் பாரிஸ் காலப் பல்கலைக்கழகமும் உள்ளூர்க்காரர்களுக்கு நெடுங்காலம் 'வெளியிலிருந்து வந்த' நிறுவனங்களாகவே தோன்றின என்பதை அந்த ஒப்பீடு காட்டுகிறது. ஆனால் அது 1939இல் நின்றுவிடுகிறது. நம் குழப்பம் தொடங்குவதோ அங்கேதான்.

1939–1944: பிரிந்த இரண்டு

போர் தொடங்கியதும், 1939 செப்டம்பரின் முதல் நாட்களில், ஸ்ட்ராஸ்பூர்க் நகர மக்கள் தென்மேற்குப் பிரான்சுக்கு வெளியேற்றப்பட்டார்கள். பல்கலைக்கழகம் பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள கிளெர்மோன்-ஃபெரான் நகருக்கு இடம்பெயர்ந்தது. 1940இல் அல்சாஸை ஜெர்மனி எடுத்துக்கொண்டபின், பல்கலைக்கழகம் திரும்ப வேண்டும் என்று அழுத்தம் வந்தது. அது திரும்பவில்லை, 'ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகம்' என்ற பெயரையும் விடவில்லை.

காலியான கட்டடங்களில் 1941 நவம்பர் 23 அன்று ஜெர்மனி ரைக் பல்கலைக்கழகத்தைத் திறந்தது. அதன் அமைப்பாளர்களுள் ஒருவரான வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் அன்ரிஹ், 1906இல் ஸ்ட்ராஸ்பூர்க்கிலேயே பிறந்தவர். பழைய ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் இறையியல் பேராசிரியர் ஒருவரின் மகன். தன் ஊரிலிருந்து தன் நாடு துரத்தப்பட்டதைச் சிறுவனாகப் பார்த்தவர், நாஜியாகத் திரும்பி வந்து பிரெஞ்சு அறிவுச் செல்வாக்கை முறியடிக்கும் கோட்டையாக இந்தப் பல்கலைக்கழகத்தைக் கட்ட முனைந்தார். மறுபுறம் மார்க் பிளோக்கின் குடும்பம் அல்சாஸைச் சேர்ந்த யூதக் குடும்பம். அவருடைய தந்தை 1870இல் ஸ்ட்ராஸ்பூர்க்கின் பாதுகாப்பில் பங்கேற்றவர். இருவருக்கும் அதே நகரம்தான் குடும்ப நினைவு. நினைவு ஒருவரை எந்தப் பக்கம் தள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

ஆக 1941 முதல் 1944 வரை, ஒரு நகரத்தின் பெயரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் இயங்கின.

கிளெர்மோனில்: தத்துவ ஆசிரியர் ழான் கவாயெஸ் எதிர்ப்பு இயக்கம் ஒன்றை நிறுவுவதில் பங்கெடுத்தார், 1944 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1943 நவம்பர் 25 அன்று ஜெர்மானியர் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றிவளைத்தனர். பாப்பிரஸ் சுவடி அறிஞர் போல் கொலோம்ப் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுமார் 1,200 பேர் பிடிபட்டனர். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். யாரைப் பிடிப்பது என்று ஜெர்மானியருக்கு அடையாளம் காட்டியவன் அதே பல்கலைக்கழகத்தின் மாணவன் ஒருவன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில்: உடற்கூறியல் பேராசிரியர் ஆகஸ்ட் ஹிர்ட், யூதர்களின் எலும்புக்கூடுகளைத் தொகுக்க வேண்டும் என்ற திட்டத்தில் இறங்கினார். அதற்காக ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் தேர்ந்தெடுத்த 86 யூத ஆண்களும் பெண்களும், 1943 ஆகஸ்டில், நகருக்கு அருகே நாட்ஸ்வைலர்-ஸ்ட்ரூட்ஹோஃப் முகாமில் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். உடல்கள் பல்கலைக்கழக உடற்கூறியல் கழகத்துக்கு வந்தன. ஆங்ரி ஆங்ரிபியெர் என்ற பிரெஞ்சு உதவியாளர், அவர்களின் கைகளில் பச்சை குத்தியிருந்த எண்களை யாரும் அறியாமல் எழுதி வைத்துக்கொண்டார்.

இந்த உதவியாளரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். சம்பளம் வாங்கியது ரைக் பல்கலைக்கழகத்தில். உடல்களை இறக்கியவர்களுள் அவரும் ஒருவர். உலகுக்குச் சான்று கிடைத்ததும் அவரால்தான். 'உடன்பட்டவர்', 'எதிர்த்தவர்' என்ற இரு கட்டங்களில் எதிலும் அவர் முழுதாகப் பொருந்த மாட்டார்.

பிளவுபட்ட விசுவாசம் என்றால் என்ன?

1942 ஆகஸ்ட் 25 அன்று அல்சாஸ் இளைஞர்களுக்கு ஜெர்மன் படையில் கட்டாயச் சேவை அறிவிக்கப்பட்டது. அல்சாஸிலிருந்து சுமார் 1,00,000 பேரும் மோசெலிலிருந்து சுமார் 30,000 பேரும் சேர்க்கப்பட்டனர். தப்பியோடினால் குடும்பத்துக்குத் தண்டனை. இப்போது மேலே சொன்ன இரண்டாம் குறிப்பின் பொருள் விளங்கும்: 1914இல் அல்சாஸ்காரர் தம் சொந்த நாட்டுப் படையில் இருந்தார், 1942இல் சட்டப்படி அவர் பிரெஞ்சுக் குடிமகன், அணிந்திருந்ததோ எதிரியின் சீருடை. இரண்டையும் ஒரே 'விசுவாச மாற்றம்' என்று எழுதும் நூல் அடிப்படையிலேயே தவறுகிறது.

சிக்கல் 1953இல் போர்தோ நகர நீதிமன்றத்தில் வெடித்தது. 1944 ஜூன் 10 அன்று ஒரதூர்-சூர்-கிளான் என்ற ஊரில் 600க்கும் மேற்பட்ட மக்களைக் கொன்ற, நாஜிக் கட்சியின் ஆயுத அமைப்பான எஸ்.எஸ்.இன் படைப்பிரிவைச் சேர்ந்த 21 பேர் அங்கே விசாரிக்கப்பட்டனர். அவர்களில் 14 பேர் அல்சாஸைச் சேர்ந்தவர்கள். ஒருவர் மட்டுமே தாமாகச் சேர்ந்தவர், மற்ற 13 பேர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். தீர்ப்பு வந்ததும் அல்சாஸ் கொந்தளித்தது. சில நாட்களுக்குள் நாடாளுமன்றம் அந்த 13 பேருக்குப் பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றியது. உடனே ஒரதூர் பக்கம் கொந்தளித்தது. கட்டாயத்தால் சீருடை அணிந்தவர் செய்த கொலைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை காணாமலே அரசு கோப்பை மூடியது. அதன்பின் பல ஆண்டுகள் அல்சாஸின் போர்க்கால வரலாற்றைத் தொட்டாலே புண்ணைக் கிளறுவதாகக் கருதப்பட்டது. பல்கலைக்கழக வரலாறும் அந்த மௌனத்துக்குள் அடங்கியது.

நூல்கள் வந்த வரிசை

வரலாற்று நூல்களின் முரண்பாட்டை அவை வெளிவந்த வரிசையில் பார்த்தால் காரணம் புலப்படும்.

1. 1947இல் பல்கலைக்கழகமே ஒரு சாட்சியத் தொகுப்பை வெளியிட்டது. முகாம்களிலிருந்து மீண்ட ஆசிரியர்களும் மாணவர்களும் தாம் கண்டதை எழுதினர். ஆஷ்விட்சின் மோனோவிட்ஸ் பகுதியிலிருந்து உயிர்மீண்ட மருத்துவப் பேராசிரியர் ரொபேர் வைட்ஸ் அவர்களுள் ஒருவர். முகாம் வாழ்வைப் பற்றிய மிக முந்திய, மிக நிதானமான சாட்சியங்களுள் இது அடங்கும். இங்கே 'பல்கலைக்கழகம்' என்றால் கிளெர்மோன் மட்டுமே.

2. 2004இல் டியூபிங்கன் நகரப் பத்திரிகையாளர் ஹான்ஸ்-யோஆஹிம் லாங், ஆங்ரிபியெர் மறைத்துவைத்த எண்களைக் கொண்டு 86 பேரின் பெயர்களையும் கண்டறிந்து, 'எண்களின் பெயர்கள்' என்ற ஜெர்மன் நூலை வெளியிட்டார். எண்கள் 1945 முதலே தெரிந்தவை. பெயர்களைத் தேடி முடிக்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன. முடித்தவரும் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் அல்லர்.

3. 2015 ஜனவரியில் மருத்துவரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான மிஷேல் சீம், நாஜி மருத்துவர்களைப் பற்றிய நூலொன்றில், ஹிர்ட்டின் பலியாட்களின் உடற்பகுதிகள் இன்னும் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கலாம் என்று எழுதினார். பல்கலைக்கழகம் கடுமையாக மறுத்தது. அதே ஆண்டு ஜூலையில், ஆய்வாளர் ரஃபாயேல் தொலெதானோ, தடயவியல் கழகத்தின் சேகரிப்பில் அவர்களின் உடற்பகுதிகள் அடங்கிய குப்பிகளைக் கண்டெடுத்தார். அவருக்கு வழிகாட்டியது 1952ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. செப்டம்பரில் அவை யூத இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டன. 2016இல் ஆணையம் அமைந்தது. 2022இல் அறிக்கை வந்தது.

மூன்றாவது நிகழ்வை இருபுறமும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அந்தக் குப்பிகள் ஹிர்ட் விட்டுச்சென்றவை அல்ல. விடுதலைக்குப் பின் உடற்கூறாய்வு செய்த பிரெஞ்சுப் பேராசிரியர் கமீய் சிமொனென், குற்றத்தை நிரூபிக்கும் சான்றாக எடுத்துவைத்தவை. நீதிக்காகச் சேமிக்கப்பட்டவை, பின்னர் மறக்கப்பட்டவை. எழுபது ஆண்டுகள் அலமாரியில் கிடந்ததற்குக் காரணம் நாஜி விசுவாசம் அன்று. 'அது எங்கள் பல்கலைக்கழகம் அல்ல, நாங்கள் கிளெர்மோனில் இருந்தோம்' என்ற வாக்கியம், சட்டப்படி முற்றிலும் உண்மையான வாக்கியம், தேட வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டது.

எதைக் கேட்டுப் படிப்பது?

ஆணையத்தின் அறிக்கை சட்ட எல்லையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கட்டடங்களையும் சேகரிப்புகளையும் ஆய்வேடுகளையும் மனிதர்களையும் பின்தொடர்ந்தது. அப்போது ரைக் பல்கலைக்கழகத்தில் படித்த, பணிபுரிந்த அல்சாஸ்காரர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். 1942இல் மருத்துவம் படிக்க விரும்பிய, குடும்பத்தை விட்டு வெளியேற முடியாத ஓர் அல்சாஸ் இளைஞனுக்கு வேறு பல்கலைக்கழகம் எட்டும் தொலைவில் இல்லை. அவன் பெற்ற கல்வியைக் குற்றம் என்று சொல்ல முடியாது. அவன் படித்த கட்டடத்தின் நிலவறையில் என்ன இருந்தது என்பதையும் மறைக்க முடியாது.

இவ்வகை நூல் எதைக் கையிலெடுத்தாலும் மூன்று கேள்விகள் உதவும். நூல் எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் நிற்கிறது? 'நாம்' என்ற சொல்லுக்குள் வெளியேறியவர்கள், திரும்பியவர்கள், ஊரிலேயே இருந்தவர்கள் ஆகியோரில் யார் அடங்குகிறார்கள்? விசுவாசத்தை எதைக் கொண்டு அளக்கிறது: செயலைக் கொண்டா, மொழியைக் கொண்டா, பிறப்பைக் கொண்டா? மூன்றாம் கேள்வியில்தான் பெரும்பாலான நூல்கள் சறுக்குகின்றன. 1918இன் அட்டைமுறை இன்றும் பல ஆசிரியர்களின் மனத்தில் சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

பல ஆட்சிகளின் எச்சங்களும் அழிக்கப்படாமல் அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் இன்றும் இருக்கின்றன. அரசையும் சமயத்தையும் பிரித்த 1905ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டம் இயற்றப்பட்டபோது அல்சாஸ் ஜெர்மனியில் இருந்தது. அதனால் அங்கே அது நடைமுறைக்கு வரவே இல்லை. சமயச்சார்பின்மையில் கண்டிப்பான பிரான்சில், அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று கத்தோலிக்க இறையியலுக்கும் புராட்டஸ்டண்ட் இறையியலுக்கும் தனித்தனிப் பீடம் நடத்துவது அதனால்தான். தலைமைக் கட்டடத்தின் முகப்பில் அந்த இலத்தீன் வாசகமும் அப்படியே இருக்கிறது.